மைனர் சொத்தும் தாயின் கையெழுத்தும்



புதுவையில் சொத்துரிமை பேசப் புகுவோர் முதலில் வினவ வேண்டுவது, உம் பாட்டனார் 'ரெனோன்சான்' ஆனவரா என்பதே. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி குல வழக்கத்தைத் துறந்து, குடும்பப் பெயர் சூடி, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றோர் அவர்கள். பெயரோடு ஒட்டிய சாதியை உதறும் ஆவலில் நம்மவர் பலரும் அவ்வழி சென்றனர். அங்கே மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமம். 1963-இல் இந்து வாரிசுரிமைச் சட்டமும் மைனர் காப்பாளர் சட்டமும் இங்கு நீட்டிக்கப்பட்டபோது அவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

ஏனைய இந்துக்களுக்கு அச்சட்டங்களே பொருந்தும். தந்தை கவனியாதிருப்பின் தாயே காப்பாளராகலாம் என உச்ச நீதிமன்றம் 1999-இல் தெளிவாக்கியது, நன்று. எனினும் காப்பாளர் எவராயினும், மைனரின் மனையை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். இதனை அறியாதோர் நம்மிடை மிகுதி.

அண்மையில் கைம்பெண் ஒருவர் எம்மிடம் வந்தார். கணவர் விட்டுச் சென்ற மனையை, ஒரே மகள் மைனராயிருக்கையில், கடனுக்கு அஞ்சி அனுமதியின்றி விற்றுவிட்டார். தாயின் பங்கு போனது போனதே. மகள் தன் பங்கை மீட்க, மேஜரான மூன்றாண்டுக்குள் வழக்கிட வேண்டும். அவளுக்குப் பதினெட்டு நிறைந்து இரண்டாண்டு கடந்துவிட்டது. கிரயப் பத்திர நகலுக்கு நாளை மனுச் செய்கிறோம்.