அளந்த அரிசியில் ஒரு பிடி

பிடியரிசி என்றால் ஒரு கை கொள்ளும் அரிசி. சமையலுக்கு அரிசியை அளந்தெடுத்த பிறகு, களைவதற்கு முன்னால், அளந்ததிலிருந்தே ஒரு பிடி எடுத்து அடுப்படியில் இருக்கும் தனிக் கலயத்தில் போடுகிற வழக்கத்துக்கும் அதுவே பெயர். நாள்தோறும் போட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையோ மாதத்துக்கு ஒருமுறையோ ஊர்ப் பொதுவில் யாராவது வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். சேர்ந்த அரிசி பசித்தவர் வயிற்றுக்குப் போகும்; சில ஊர்களில் பள்ளிக்கூடத்துக்குப் போகும், சில ஊர்களில் கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ போய் அங்கிருந்து ஏழைகளின் இலைக்கு வரும்.

கொடை என்று சொன்னதும் தமிழ் மேடைகளில் பாரியும் ஓரியும் குமணனும் வந்து நிற்பார்கள். பாரி முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்தது பெருஞ்செயல். அதைச் செய்ய முதலில் ஒரு தேர் வேண்டும். பிடியரிசிக்குத் தேவைப்படுவது அன்றைய சோற்றுக்கான அரிசி மட்டும். அன்றைக்கு அடுப்பு எரிகிற எந்த வீட்டிலும் அது செய்யக்கூடியது. கொடையை அரண்மனையிலிருந்து அடுப்படிக்குக் கொண்டுவந்த வழக்கம் என்று இதைச் சொல்லலாம்.

இதன் உயிர் எங்கே இருக்கிறது என்றால், 'அளந்ததிலிருந்து' என்ற அந்தச் சொல்லில். மூட்டையிலிருந்து தனியாக ஒரு பிடி அள்ளிப் போட்டாலும் கலயம் நிறையும். ஆனால் முறை அப்படி வைக்கப்படவில்லை. வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கு அளந்தாகிவிட்டது. அதில் ஒரு பிடி குறைகிறது. அந்தக் குறையை ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு வாய் என்று பங்கு போட்டுக்கொள்கிறார்கள். யாருக்கும் பசிக்காது, ஆனால் எல்லாரும் கொடுத்திருக்கிறார்கள். தட்டில் சோறு போட்டுக்கொண்ட சிறுபிள்ளைகூட அன்றைய கொடையில் பங்காளி. மிஞ்சிய சோற்றைக் கொடுப்பதும் நல்ல காரியம்தான். வீணாக்குவதைவிட அது எவ்வளவோ மேல். இருந்தாலும் மிஞ்சியது கொடுக்கிறவருடைய பங்கு முடிந்தபின் வருவது. பிடியரிசி அவர் உண்பதற்கு முன்னாலேயே எடுத்து வைக்கப்படுவது.

கணக்கும் பார்க்க வேண்டும். ஒரு பெண்ணின் பிடியில் ஏறக்குறைய 40 கிராம் அரிசி நிற்கும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒரு வீட்டிலிருந்து 14 கிலோவுக்குச் சற்று மேல் சேரும். ஐம்பது வீடுகள் உள்ள தெருவில் ஒரு நாளைக்கு 2 கிலோ. ஆளுக்கு 100 கிராம் அரிசி என்றால் இருபது பேர் உண்ணலாம். ஐம்பது வீட்டில் எந்த வீட்டிலும் அரிசிப் பானை இறங்கியது தெரியாது. இருபது பேருக்கு அன்றைக்குச் சோறு கிடைத்தது தெரியும். தெருவில் ஒரே ஒருவர் இருபது பேருக்கு நாள்தோறும் போடுவதென்றால் அவர் பெரிய நிலக்கிழாராகவோ வணிகராகவோ இருக்க வேண்டும். ஒரு மழை தவறினால், ஒரு வியாபாரம் நொடித்தால், அந்த அன்னதானமும் நின்றுபோகும். ஐம்பது கைகள் போடுவது அவ்வளவு எளிதில் நிற்காது.

இன்னொரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். நிலம் ஆண்பிள்ளை பெயரில், பணப்பை ஆண்பிள்ளை மடியில் என்று இருந்த காலத்தில், யாரையும் கேட்காமல் ஒரு பெண் முடிவெடுக்கக்கூடிய பொருள் அடுப்படியில் இருந்த அரிசி ஒன்றுதான். நன்கொடைச் சீட்டில் வீட்டுத் தலைவர் பெயர் எழுதப்படும்; பிடியரிசிக் கலயத்தில் பெயர் இல்லை, கை மட்டும் உண்டு, அது அவள் கை. இந்த வழக்கத்தால் எழுந்த பள்ளிகளும் விடுதிகளும் பெரும்பாலும் ஆண்களின் பெயரால் அறியப்படுகின்றன. அவற்றைத் தாங்கியது பெயர் தெரியாத பெண்களின் அன்றாடக் கணக்கு.

கேரளத்தில் இதைப் பிடியரி என்பார்கள். குட்டநாட்டுக் கைநகரியில் 1805-இல் பிறந்த குரியாக்கோஸ் ஏலியாஸ் சாவறா அச்சன், 1846-இல் மன்னானத்தில் சமஸ்கிருதப் பள்ளி தொடங்கியவர். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தபோது அவர்கள் வராததற்குக் காரணம் பசியும் மாற்றுத் துணி இல்லாமையும் என்று அவர் கண்டார். மதியத்தில் சோறு போட வேண்டும். சோற்றுக்கு அரிசி வேண்டும். வீடுதோறும் சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்து மாதா கோயிலில் சேர்க்கச் சொன்னார். பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவு என்ற எண்ணம் அரசாங்கக் கோப்பில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே அது அடுப்படியில் தொடங்கிவிட்டது. அதே மண்ணில் 1914-இல் நாயர் சர்வீஸ் சொசைட்டியைத் தொடங்கிய மன்னத்து பத்மநாபனும் பிடியரி திரட்டித்தான் கல்வி நிலையங்களுக்கு அடித்தளம் போட்டார். மாதா கோயிலுக்குப் போன அரிசியும் நாயர்களின் ஊர்ச் சங்கமான கரயோகத்துக்குப் போன அரிசியும் ஒரே ஆற்றங்கரை வயல்களில் விளைந்தவை.

மராட்டியத்தில் கர்மவீரர் பாவுராவ் பாட்டில் 1919-இல் ரயத் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். சாத்தாராவில் அவர் நடத்திய விடுதியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உண்டார்கள், ஒன்றாக உறங்கினார்கள். அந்தப் பந்திக்குக் கிராமங்களிலிருந்து வந்த பிடி தானியம் பெரிய துணையாக இருந்தது. எந்த வீட்டுப் பிடி எந்தச் சாதிப் பிள்ளையின் தட்டில் விழுந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. ஒன்றாகக் கொட்டிய தானியத்துக்கு அந்த வல்லமை உண்டு. கையிருப்புத் தீர்ந்து விடுதி தடுமாறியபோது பாட்டிலின் மனைவி லட்சுமிபாய் தம் தாலியையே கொடுத்தார். பிடி தானியம் கொடுத்த ஊர்ப் பெண்களோடு சேர்த்தே அவரையும் நினைக்க வேண்டும்.

சுதேசி இயக்க நாட்களில் வங்காளத்துச் சமிதிகளின் இளைஞர்கள் வீடுவீடாக 'முஷ்டி பிக்ஷை' என்ற பெயரில் பிடியரிசி வாங்கினார்கள். 1950-களின் இறுதியில் வினோபா பாவே சர்வோதயப் பாத்திரம் என்ற முறையைக் கொண்டுவந்தபோது அதில் ஒரு நுட்பமான மாற்றம் செய்தார்: பிடி போட வேண்டியது வீட்டின் சின்னஞ்சிறு பிள்ளை. குழந்தையின் கையில் தானியம் குறைவாகத்தான் நிற்கும். ஆனால் கொடுத்துவிட்டுத்தான் உண்பது என்ற பழக்கம் எழுத்துக் கற்பதற்கு முன்பே அந்தக் கைக்கு வந்துவிடுகிறது. பிள்ளையின் கை வளர வளரப் பிடியும் வளரும். தமிழகத்தில் காஞ்சி சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் பிடியரிசித் திட்டத்தை வகுத்தபோது, அரிசியோடு ஒரு காசும் சேர்த்து எடுத்து வைக்கச் சொன்னார். அரிசி சோறாகும், விறகுக்கும் மற்றச் செலவுக்கும் காசு வேண்டுமே. அந்தந்த ஊர்க் கோயிலில் சமைத்து நிவேதனம் செய்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

எல்லாவற்றிலும் உறுதியாக வேர்விட்ட இடம் மிசோரம். மிசோ மொழியில் இதற்குப் பெயர் 'புஃபாய் தம்'. புஃபாய் என்றால் அரிசி, தம் என்றால் ஒரு பிடி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கிறித்தவத் திருச்சபைப் பெண்கள் இதை மேற்கொண்டார்கள். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி தனியே போகும். திருச்சபைப் பெண்கள் அதை வீடுவீடாகச் சென்று திரட்டுவார்கள். அரிசி விற்றுப் பணமாக்கப்படும். கையில் காசே புழங்காத மலைக்கிராமத்துப் பெண்கள், உண்பதற்கு ஏதோ இருக்கும்வரை கொடுப்பதற்கும் ஏதோ இருக்கும் என்ற துணிவில் தொடங்கியது அது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மலைகளில் பிடி நிற்கவில்லை.

எடுத்து வைப்பது எளிது, திரட்டுவதுதான் கடினம். இந்த வழக்கம் விட்டுப்போன ஊர்களில் பெரும்பாலும் கொடுக்கிற மனம் குறைந்து போகவில்லை. வாங்க வருகிற ஆள் வராமல் போனார். கலயம் நிறைந்து இரண்டு வாரம் நின்றால் அரிசியில் வண்டு விழும். வேப்பிலையோ வற்றல் மிளகாயோ போட்டுக் காப்பார்கள். மூன்றாவது வாரமும் யாரும் வராவிட்டால் அரிசி திரும்ப வீட்டுப் பானைக்குப் போய்விடும், கை மறந்துவிடும். ஆகவே பிடி போடுகிற ஐம்பது பேர் அளவுக்கே முக்கியமானவர் சொன்ன கிழமையில் பையோடு வாசலில் நிற்கும் அந்த ஒருவர். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வீட்டில் பச்சரிசி, அடுத்த வீட்டில் புழுங்கல், அதற்கடுத்து ரேஷன் அரிசி. ஒன்றாகப் போட்டு வடித்தால் ஒன்று குழையும், ஒன்று நறுக்கென்று நிற்கும். பச்சையும் புழுங்கலும் தனித்தனிப் பையில் வாங்கினால் பாதிச் சிக்கல் தீரும். அதுவும் முடியாதபோது கஞ்சியாகக் காய்ச்சுவார்கள். கஞ்சியில் எல்லா அரிசியும் ஒன்றுதான்.

தமிழரின் கொடுக்கல் வாங்கலில் பிடியரிசிக்கு உள்ள இடத்தை மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்தான் தெளியும். மொய் கொடுக்கல்தான், ஆனால் அதற்கு நோட்டு உண்டு. எழுதியது திரும்பி வர வேண்டும். கைமாற்று வட்டியில்லாத உதவி. அதுவும் திரும்பி வரும். பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் குழம்பு போனால் கிண்ணம் வெறுமையாகத் திரும்பாது. இவையெல்லாம் உறவைக் கட்டுகிற நல்ல கயிறுகள். அறிந்தவருக்கும் அறிந்தவருக்கும் நடுவில் கட்டப்படுபவை. அறியாதவருக்காக நாள்தோறும் ஒதுக்குவது பிடியரிசி. எறும்புக்காகும் அரிசிமாவுக் கோலமும், காக்கைக்கு வைக்கும் முதற்சோறும், கோடையில் மொட்டைமாடியில் குருவிக்கு வைக்கும் தண்ணீரும், தெருமுனைத் தண்ணீர்ப் பந்தலும் அதன் இனத்தைச் சேர்ந்தவை.

வாங்குகிறவர் பக்கமிருந்து பார்த்தால் இதன் நாகரிகம் இன்னும் தெரியும். வாசலில் நின்று கை நீட்டுகிறவர் கொடுப்பவரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அந்த முகத்தில் அன்றைக்கு என்ன இருக்குமோ, அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஐம்பது வீட்டு அரிசி கலந்த சோற்றை உண்பவருக்கு அப்படி ஒரு முகம் இல்லை. யாருக்கும் அவர் தலை குனிய வேண்டியதில்லை. வடலூரில் 1867 மே மாதம் 23-ஆம் நாள் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது பசி என்பதைத் தவிர வேறு தகுதி கேட்கவில்லை. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த எண்பது காணி நிலத்தில் எழுந்த அந்தச் சாலையின் அடுப்பு அன்றுமுதல் அணையாமல் எரிகிறது. ஊர் ஊராகப் பெயர் தெரியாதவர்கள் கொண்டுவந்து இறக்கும் அரிசியும் காய்கறியும் அதன் உலைக்குப் போகின்றன.

1950-களின் நடுவில் காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் தலைவராகவும் இருந்தபோது தொடங்கிய பள்ளி மதிய உணவும் முதலில் ஊரார் கொடையில்தான் நடந்தது. பிறகு அரசு செலவின் பெரும்பங்கை ஏற்றது, எஞ்சியதை ஊர் கொடுத்தது. 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தபின் முழுப் பொறுப்பும் அரசுக்குப் போயிற்று. அது சரியான திசை. ஒரு குழந்தையின் மதியச் சோறு ஊராரின் மனநிலையை நம்பி இருக்கக் கூடாது. அது அந்தக் குழந்தையின் உரிமை. ஆனால் அரசின் கை எட்டாத பசி எப்போதும் கொஞ்சம் இருக்கும்: மருத்துவமனை வராந்தாவில் நோயாளிக்குத் துணையாக வந்து மூன்று நாளாக டீயும் பன்னுமாக ஓட்டுகிறவர், பிள்ளைகள் இருந்தும் தனித்துப்போன முதியவர், அடையாள அட்டை இல்லாமல் வேற்று மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர். பிடியரிசிக்கு இன்றைய இடம் அங்கே.

அடுப்படியும் மாறிவிட்டது. படியும் ஆழாக்கும் போய்க் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப்பு வந்துவிட்டது. இரண்டு பேர் உள்ள குடும்பத்தில் ஒரு கப்பிலிருந்து முழுப் பிடி எடுத்தால் தட்டில் தெரியத்தான் செய்யும். அங்கே மூன்று விரல் கொள்ளும் அளவே பிடி. சோறு பொங்காமல் வெளியே உண்கிறவர்கள் ஒரு நாளைய டீக்காசை உண்டியலில் போடுகிறார்கள். வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பயன்பெறுகிறவருக்கு அது தவறாமல் போய்ச் சேர்கிறது. ஆனால் கொடுத்தவருக்கு அந்த நாள் நினைவில் இராது. எடுத்து வைக்கிற வேலை கையை விட்டுப் போகாதிருக்க, அப்படிப்பட்ட வீடுகளிலும் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பாட்டில் இருப்பது நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பில் நாற்பது பாட்டில்கள் நிறைய ஒரு மாதம் போதும். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் பச்சைக்கு ஒன்று, புழுங்கலுக்கு ஒன்று என்று இரண்டு பைகளோடு படியேறி இறங்க ஒருவர் வேண்டும்.