திரும்பி வர ஒரு வாசல்

(அறக்கட்டளையின் மூத்தோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





சென்ற ஆண்டு பெரியவர் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். ஏற்காட்டு எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மனைவி வஃபாத்தானதும், இங்கிருந்த வீட்டை மூத்த மகனுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, சேலத்தில் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். "மகன் மேல் குறையில்லை பாய், வேளைக்குச் சோறு வருகிறது. ஆனால் மூன்றாவது மாடியிலிருந்து ஐந்து வேளையும் இறங்கிப் பள்ளிவாசலுக்குப் போக முடியவில்லை. ஸலாம் சொல்லத் தெரிந்த முகம் இல்லை. திரும்பி வரலாமென்றால், என் வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இதற்கு நேர்மாறாக, சேலத்து வீட்டை விற்றுவிட்டுக் குளிர்ச்சிக்காக மேலே வருகிறவர்களும் உண்டு. கோடையில் வந்து பார்த்து, மனம் மயங்கி வாங்குகிறார்கள். மழையும் பனிமூட்டமும் வந்த பிறகுதான் மூட்டுவலியும் மூச்சிரைப்பும் தெரிகின்றன. நெஞ்சுவலி என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போக வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

மேலேயா, கீழேயா என்று சொல்ல நான் வரவில்லை. அது அவரவர் உடம்பையும் பிள்ளைகளையும் பொறுத்தது. மூன்று விஷயங்கள் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, போகிற இடத்தில் ஒரு மழைக்காலம் முழுவதும் இருந்து பாருங்கள். பள்ளிவாசலும் மருந்துக்கடையும் நடக்கிற தூரமா, இரவில் கழிவறைக்குப் படி இறங்க வேண்டுமா என்று பாருங்கள். அதுவரை பழைய வீட்டை விற்காதீர்கள்.

இரண்டு, பாசத்தில் வீட்டை எழுதிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். நமக்குப் பின் யாருக்கு எவ்வளவு என்பதை மார்க்கம் வகுத்து வைத்திருக்கிறது; பெண்மக்களுக்கும் அதில் பங்குண்டு. ஹிபாவாகக் கொடுத்து, சுவாதீனத்தையும் ஒப்படைத்துவிட்டால் அந்த வீடு நம்முடையதல்ல.

மூன்று, எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், ஆலிம் ஒருவரையும் வழக்கறிஞர் ஒருவரையும் கலந்துகொண்டு, 'கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோரி, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். மனு எழுத நம் அலுவலகம் உதவும். முதியோர் உதவி எண் 14567.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "எங்களோடு வந்துவிடுங்கள்" என்று அழைப்பது நல்லதுதான். அதற்கு முன் "எங்கே இருக்க ஆசைப்படுகிறீர்கள்?" என்று ஒருமுறை கேளுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி ஜும்ஆவுக்கு மேலே வருகிறார். தொழுகை முடிந்து, தம் வீட்டு வாசலைத் தாண்டித்தான் பஸ் நிலையத்துக்கு நடக்கிறார்.

நம் முதுமையை எவருக்கும் பாரமாக்காமல், நம்மை எவரும் பாரமாக எண்ணாமல், அல்லாஹ் காத்தருள்வானாக. ஆமீன்.