சொல் வல்லார் கடமை

(நம் மகாசபையின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம் சபையின் ஆண்டுக் கூட்டங்களில் கல்வி, கைத்தொழில், சிக்கனம், மணவினைச் செலவு முதலிய விஷயங்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். அவை யாவும் வேண்டுவனவே. இன்று நாம் எடுத்துக்கொண்டது வேறொரு விஷயம். யூடியூபிலும் முகநூலிலும் தொலைக்காட்சியிலும் பேசி, லட்சக்கணக்கான ஜனங்களின் அபிப்பிராயத்தை உருவாக்கும் வல்லமை படைத்தோர் இக்காலத்தில் பலர் தோன்றியிருக்கின்றனர். அவர்களுக்குரிய கடமை யாது? அவர் சொல்லைக் கேட்கும் நமக்குரிய கடமை யாது? இதனை ஒரு ஜாதிச் சபையில் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். ஜாதியின் பெயராலும் மதத்தின் பெயராலுமே இன்று மிகுதியான நஞ்சு சொல்லுருவாகப் பரவுகின்றது. ஆதலால் இதனைப் பேசுதற்கு இச்சபை மிகவும் தகுந்த இடமென்றே கருதுகின்றோம்.

சொல்லின் வல்லமை புதிதன்று. 'தி ஹிந்து'வை 1878-ல் தொடங்கியவர்களுள் ஒருவராகிய ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் 'சுதேசமித்திரன்' பத்திரிகையை நிறுவினார். கைம்பெண் மறுமணத்தை ஆதரித்த அவர், 1889-ல் பம்பாயில் தம் சொந்த மகளுக்கே மறுமணம் செய்வித்துச் சுற்றத்தாரின் வெறுப்பை ஏற்றுக்கொண்டார். அயோத்திதாச பண்டிதர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று விலையையே பெயராக வைத்து, ஒடுக்கப்பட்டோரின் குறையை எடுத்துரைத்தார். பெரியார் ஈ.வெ.ரா. 1925-ல் 'குடி அரசு' தொடங்கி, 1933-ல் அதில் எழுதிய தலையங்கத்தின் பொருட்டுச் சிறை புகுந்தார். இம்மூவர் கொள்கைகளும் ஒன்றோடொன்று மாறுபட்டவை. எனினும் தாம் சொல்லியதன் கீழ்த் தம் பெயரை இட்டு, அதனால் வந்த நஷ்டத்தைத் தாமே சுமந்தார்கள் என்பதில் மூவரும் ஒத்தவர்கள். அச்சிடுவோர் தம் பெயரையும் அச்சிட்ட இடத்தையும் வெளியிட வேண்டுமென்று 1867-ம் ஆண்டுச் சட்டமும் விதித்திருந்தது. ஒரு சொல் வெளிவருமாயின், அதற்கு உத்தரவாதி ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பது அக்காலத்து ஏற்பாடு.

இக்காலத்து நிலை வேறு. கையடக்கமான கருவியொன்று உடையவர் எவரும் பத்திராதிபர் ஆகலாம். இதனால் விளைந்த நன்மையை மறைப்பது நியாயமன்று. அச்சுக்கூடம் வைக்கப் பொருளில்லாத வகுப்பினர் இன்று தம் குறையைத் தாமே உலகறியச் சொல்கின்றனர். மறைக்கப்பட்டிருந்த பல அநீதிகள் ஒரு கைபேசிப் படத்தால் வெளிவந்திருக்கின்றன. ஆனால் இந்த ஏற்பாடு நடைபெறும் விதத்தையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். இக்கருவிகளை நடத்தும் கம்பெனிகள் விளம்பரத்தாலேயே பெரும்பொருள் ஈட்டுகின்றன. விளம்பர வருமானமோ, பார்ப்பவர் எவ்வளவு நேரம் திரையைவிட்டு அகலாதிருக்கின்றனர் என்பதைப் பொறுத்தது. எது அவரை அகலாமல் நிறுத்துகின்றதோ, அதனையே இயந்திரக் கணக்கு மேன்மேலும் எடுத்து முன்வைக்கும். நிதானமான பேச்சைக் காட்டிலும் கோபமும் அச்சமும் மனிதரை எளிதில் கட்டிவைக்கும். அவ்வருமானத்தில் ஒரு பங்கு பேசுபவருக்கும் சேருகின்றது. ஆகவே பிறர்மேற் பகையை மூட்டுவதே சிலருக்கு ஜீவனோபாயமாகி விட்டது.

வாட்ஸ்அப்பின் தன்மையோ இன்னும் விசித்திரமானது. ஒருவர் அனுப்பியதை மற்றொருவர் அனுப்பிப் பத்தாவது கைக்கு வந்து சேரும்போது, முதலில் சொன்னவர் யாரென்பதே மறைந்துபோகின்றது. 'மாமா அனுப்பினார்', 'சம்பந்தி அனுப்பினார்' என்பதே அச்செய்தியின் உண்மைக்கு முத்திரையாகி விடுகின்றது.

இதன் விளைவு யாதென்பதற்குத் தூரதேசம் போக வேண்டுவதில்லை. 2018-ம் ஆண்டு மே மாதத்தில், குலதெய்வ வழிபாட்டிற்காகக் காரிற் சென்ற ஒரு குடும்பத்தார் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் கிராமத்தருகே நின்றனர். அவர்களுள் மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்று கைபேசிகளிற் பரவியிருந்த வதந்தியை நம்பிய ஜனங்கள் அவர்களைச் சூழ்ந்து தாக்கினர். 65 வயதான அம்மூதாட்டி உயிர் துறந்தார். அன்பர்களே! நம் குடும்பங்களுள் குலதெய்வத்திற்குப் போகாத குடும்பம் எது? வழியிற் கண்ட குழந்தைக்குத் தின்பண்டம் கொடுக்காத பாட்டி யார்? அதே ஆண்டு ஜூலை 1-ந் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில், ஊர் ஊராகச் சென்று பிச்சையேற்று வாழும் நாடோடி வகுப்பினர் ஐவர் இதே வதந்தியால் கொல்லப்பட்டனர். அதன் பின்னரே, ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பலாகாது என்று அக்கம்பெனி இந்தியாவில் வரம்பு விதித்தது.

2023 மார்ச்சில், பீகாரிலிருந்து வந்து தமிழ்நாட்டில் உழைக்கும் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாக, வேறு சம்பவங்களின் படங்களைக் காட்டிச் சிலர் பரப்பினர். அவர்களுள் பெருங்கூட்டம் பின்தொடரும் பேச்சாளரும் இருந்தனர். தமிழ்நாட்டுப் போலீசார் அது பொய்யென மறுத்தனர்; பீகார் அரசாங்கமும் அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது; வழக்கும் கைதும் தொடர்ந்தன. அதற்குள் ஏழைத் தொழிலாளர் அடைந்த பீதியை யார் ஈடுசெய்தனர்? மெய் புறப்படுமுன் பொய் ஊர்சுற்றி வந்துவிட்டது.

சொல்லின் கேடு எந்த எல்லைவரை செல்லும் என்பதற்கு ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா நாடு சாட்சி. அங்கே 1993-ல் தொடங்கிய தனியார் வானொலியொன்று இசையாலும் வேடிக்கைப் பேச்சாலும் வாலிபர்களை வசப்படுத்திற்று. பின்னர் அதே குரல்கள் துத்ஸி வகுப்பினரைக் கரப்பான்பூச்சிகள் என்று இகழ்ந்தன. 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறக்குறைய 100 நாட்களில் பல லட்சம் பேர் கொலையுண்டபோது, கொல்லப்பட வேண்டியோரின் பெயர்களையும் அவ்வானொலி அறிவித்தது. 2003-ல் சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம், அவ்வானொலியை நிறுவியோருள் இருவரையும் ஒரு பத்திராதிபரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. 2007-ல் மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் நீங்கித் தண்டனை குறைந்ததாயினும், மூவரும் குற்றவாளிகளே என்னும் முடிவு நிலைத்தது. கத்தி எடுத்தவன் மட்டுமே கொலைஞன் அல்லன் என்பதை உலகம் அத்தீர்ப்பினால் அறிந்தது.

நம் நாடு மதச்சார்பற்ற குடியரசு. அச்சொல் அரசியலமைப்பின் முகப்புரையில் 1976-ல் சேர்க்கப்பட்டதாயினும், அவரவர் மதத்தை அவரவர் அனுசரிக்கும் உரிமை 1950 முதலே அதில் அமைந்துள்ளது. மதச்சார்பின்மை என்பது தெய்வ நிந்தனை என்று சிலர் மயங்குகின்றனர். அரசாங்கம் எம்மதத்தையும் தன் மதமாகக் கொள்ளாது, எல்லாப் பிரஜைகளையும் சமமாக நடத்தும் என்பதே அதன் பொருள். முன்னாளில் மடத்திற் பேசியதை மடத்தாரும், பள்ளிவாசலிற் பேசியதை அங்கு கூடியோரும், தேவாலயத்திற் பேசியதை அச்சபையாருமே கேட்டனர். இன்று எவரும் தம்மவர்க்கு மட்டும் பேசுதல் இயலாது. இம்மண்டபத்தில் நாம் பேசுவதும் யாரோ ஒருவர் கைபேசியில் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே முன்வரிசையில் மாற்று மதத்தார் ஒருவரும் மாற்று ஜாதியார் ஒருவரும் அமர்ந்திருப்பதாக எண்ணியே பேச வேண்டும். அவர் நம் கருத்தை மறுக்கலாம். தம் பிறப்பின் பொருட்டு இகழப்பட்டதாக அவர் எண்ண இடந்தரலாகாது.

இதனால் வாயை மூடிக்கொள்ளச் சொல்கின்றோம் என்று கொள்ள வேண்டா. மூடவழக்கத்தைக் கண்டிக்க வேண்டும். மதத் தலைவர் பிழை செய்தால் அதனையும் எடுத்துக்கூற வேண்டும். இணையத்தில் எழுதியோரைச் சிறையிலிடப் பயன்பட்ட 66-ஏ என்னும் சட்டப்பிரிவை 2015 மார்ச் 24-ல் உச்சநீதிமன்றம் செல்லாதென நீக்கியது மிகவும் நன்று. சட்டத்தின் பிரம்பு அதிகாரத்திலிருப்போர் கைக்கே எளிதிற் போய்ச் சேரும். அதனாலேயே பேசுவோர் தம்மைத் தாமே அடக்கியாளுதல் அவசியமாகின்றது. ஒருவன் செய்த செயலைக் கண்டித்தல் விமரிசனம். அவன் பிறந்த பிறப்பைக் கண்டித்தல் துவேஷம். இந்த ஓர் அளவுகோல் பெரும்பாலும் போதுமானது.

இனி, சொல்லக் கசப்பானதும் சொல்லாமல் விடத்தகாததுமான ஒன்றைச் சொல்கின்றோம். பிற வகுப்பார் நம்மை இழித்துரைத்தால் போலீசுக்கு மனு எழுதுகின்றோம். நம் குலத்து வாலிபர் ஒருவர் பிறரை இழித்துரைத்து இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள் என்றால், 'நம் பிள்ளை' என்று பொன்னாடை போர்த்துதல் முறையாகுமா? கலப்பு மணம் செய்த பிள்ளைகளை வெட்டிச் சாய்த்தல் நம் மாகாணத்தில் இன்னும் ஒழியவில்லை. அதனை வீரமென்று போற்றும் குரல்கள் இணையத்தில் ஒவ்வொரு முறையும் எழுகின்றன. அக்குரலைக் கேட்டு வளரும் பதினாறு வயதுப் பிள்ளை நாளை அரிவாள் எடுத்தால், சிறையில் இளமை கழிவது அவனுடையது. கண்ணீர் வடிப்பவள் அவன் தாய். பேசியவரோ அடுத்த காட்சிக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பார்.

டாக்டர் அம்பேத்கர் 1920-ல் 'மூக்நாயக்' என்னும் மராத்திப் பத்திரிகையைத் தொடங்கியபோது, தம் ஜாதியின் நலத்தையே கருதும் பத்திரிகைகளுக்குக் கப்பலை உவமை காட்டினார். ஒரே கப்பலிற் செல்வோர் ஒருவர்க்கொருவர் கேடு சூழ்ந்தால், சூழ்ந்தவரும் மூழ்குவர் என்பது அதன் கருத்து. ஒரு ஜாதியின் பெயரால் சபையும் பத்திரிகையும் நடத்தும் நாம் இதனை மறத்தல் கூடாது.

சொல் வல்லார்க்கு நாம் வேண்டிக்கொள்வன நான்கு. விசாரித்து அறியாததைச் சொல்லற்க. பிழை நேர்ந்தால், பிழையைச் சொன்ன அதே உரத்த குரலில் திருத்தத்தையும் சொல்லுக. பிறரிடம் பணம் பெற்றுப் பேசினால் அதனை வெளிப்படையாகத் தெரிவிக்க. விளம்பரத் தரக் கழகமும் 2021-ல் இவ்விதியை வகுத்திருக்கின்றது. எவர் பிறப்பையும், எவர் வீட்டுப் பெண்களையும் இழித்துரையாதிருக்க.

கேட்பவர்க்கும் கடமை உண்டு. கேட்பார் இல்லையேல் வசை பேசுவோர்க்கு வருமானம் இல்லை. கோபத்தை எழுப்பும் செய்தி கைபேசியில் வந்தால், ஓர் இரவு பொறுத்து, யார் சொன்னது, எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்று கேளுங்கள். விடை கிடையாவிடின் அச்செய்தி உங்கள் கையோடு நிற்கட்டும். அனுப்பியவர் மூத்தவராயினும், 'பெரியப்பா, இது மெய்தானா?' என்று மரியாதையோடு கேட்பது அவமதிப்பாகாது. வீட்டுப் பெண்மணிகளும் மாணவர்களும் இதில் முந்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

நம் சபையும் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றுமாறு பிரேரேபிக்கின்றோம். பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் கண்டு எவருக்கும் இம்மேடையிற் சன்மானம் செய்தலாகாது. அவர் பேசியது யாதெனக் காரியக் கமிட்டியார் கேட்டறிந்த பின்னரே செய்ய வேண்டும். பிற சமூகத்தாரை இழித்துப் பேசுபவர் நம் குலத்தவராயின், முதற் கண்டனம் நம் பத்திரிகையிலேயே வெளிவர வேண்டும். இவற்றால் சிலர் நம்மோடு பிணங்கலாம். சந்தாவும் சிறிது குறையலாம். அதற்கு அஞ்சி நாம் வாளாவிருந்தால், நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்வது பகை ஒன்றே ஆகும். அங்கத்தினர்கள் நன்கு ஆலோசித்து இத்தீர்மானங்களுக்கு ஆதரவளிக்குமாறு வேண்டுகின்றோம்.