அளவு ஜாக்கெட்

(டிசம்பர் மாத இணையவழிக் கூட்டத்தில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

டொரண்டோவில் காலைக் காப்பியோடு இருப்பீர்கள், சிட்னியில் நள்ளிரவு தாண்டியிருக்கும். தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருப்பவர்களுக்கு முதலில் நன்றி. இரவு டியூட்டி பார்க்கிறவளுக்கு அதன் அருமை தெரியும்.

'பண்டிகையும் படைப்பும்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். டிசம்பர் மாதம், நானோ கிறிஸ்தவள், ஆகவே கிறிஸ்மஸ் கதைகளைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் தையலைப் பற்றிப் பேசப்போகிறேன். அதுவும் படைப்புதானே. சிலப்பதிகாரத்துப் புகார் நகர வீதிகளில் துன்னகாரர்கள் இருக்கிறார்கள், அதாவது தையற்காரர்கள். தையல் என்ற சொல்லுக்குப் பெண் என்றும் பொருள் உண்டு. இலக்கியக் கூட்டத்துக்கு இந்த நுழைவுச்சீட்டு போதும் என்று நினைக்கிறேன்.

வேதாகமத்தில் அன்னாளின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளையில்லாமல் அழுது, வேண்டி, சாமுவேலைப் பெற்று, பால் மறந்ததும் கொண்டுபோய் சீலோவில் ஆலயத்தில் விட்டுவிட்டு வந்தவள். அவளுடைய ஜெபத்தைப் பற்றி நூறு பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு வரும் ஒரு சின்னக் குறிப்பைப் பற்றி ஒரு பிரசங்கமும் கேட்டதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பலி செலுத்தக் கணவனோடு சீலோவுக்குப் போகும்போதெல்லாம் மகனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போவாள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. எனக்கு அங்கேதான் கேள்வி வருகிறது. அளவு எப்படி எடுத்தாள்?

பிள்ளை அங்கே, இவள் இங்கே. பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. போனமுறை போட்டுவிட்ட சட்டை மனதில் இருக்கிறது, அதற்குமேல் எவ்வளவு விடுவது? நாலு வயதிலிருந்து பருவம் எட்டும்வரை ஒரு பிள்ளை வருஷத்துக்குச் சராசரியாக 5 முதல் 6 சென்டிமீட்டர் வளரும் என்று எங்களுக்கு நர்சிங்கில் சொல்லித்தந்தார்கள். அன்னாளுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தரவில்லை. பக்கத்து வீட்டில் அதே வயதுப் பிள்ளை இருந்திருந்தால் அவனை நிறுத்தி அளந்திருப்பாள். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள். வளைகுடாவில் தகப்பனோடு இருக்கிற பேரனுக்குத் தைக்க, தெருவில் விளையாடுகிறவனைக் கூப்பிட்டு, "லேய், கொஞ்சம் நேரா நில்லு" என்று முதுகில் இஞ்ச் டேப்பை வைப்பார்கள்.

வெளிநாட்டில் இருக்கிற நாம் எல்லோரும் இந்த அன்னாளின் நிலையில்தான் இருக்கிறோம். யாருக்காவது துணி எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும் இல்லையா? "அவளுக்கு இப்போ மீடியமா, லார்ஜா?" அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் என் பேச்சு.

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் உஷா கால் மிஷின் இருந்தது. அம்மா தொழில்முறைத் தையற்காரி இல்லை. ஆனால் நவம்பர் பிறந்துவிட்டால் மிஷின் சத்தம் ஓயாது. கிறிஸ்மஸ் விடியற்காலை ஆராதனைக்கு நாங்கள் மூன்று அக்கா தங்கைகளும் ஒரே பீஸில் வெட்டிய துணியில் வரிசையாகப் போய் உட்காருவோம். மிச்சத்தில் தலையணை உறை, அதிலும் மிச்சம் இருந்தால் அப்பாவுக்குக் கைக்குட்டை. பூப்போட்ட கைக்குட்டையோடு கோயிலுக்கு வந்த ஒரே ஆண்பிள்ளை எங்கள் அப்பாவாகத்தான் இருப்பார்.

அம்மா கவுனின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று டக் பிடித்துத்தான் தைப்பார்கள். பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும். உண்மையில் அது அடுத்த வருஷத்துக்கான சேமிப்பு. அடுத்த டிசம்பரில் ஒரு டக்கைப் பிரித்தால் கவுன் நீளும். பிரித்த இடத்தில் வெயில் படாத துணி கொஞ்சம் அடர்த்தியான நிறத்தில் கோடாகத் தெரியும். என் அக்காவின் மெரூன் கவுன் ஒன்றில் அப்படி இரண்டு கோடுகள் இருந்தன. அது எனக்கு வந்து சேர்ந்தபோது நான் அதைப் போட்டுக்கொண்டு, அக்கா போன வருஷம் இவ்வளவு, அதற்கு முந்தின வருஷம் இவ்வளவு என்று விரலால் தொட்டுப் பார்ப்பேன். வார்டில் குழந்தைகளின் வளர்ச்சி அட்டையை நிரப்பும்போது அந்தக் கவுன் ஞாபகம் வரும்.

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும். ஏனென்றால் எங்கள் ஊரில் ஜாக்கெட் என்பது சாதாரணத் துணி இல்லை. குமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. நாடார் உள்ளிட்ட சாதிப் பெண்கள் தோளை மூடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. கிறிஸ்தவத்துக்கு வந்த பெண்களுக்காக மிஷனரிகளின் மனைவிமார் தளர்வான, குட்டைக் கை வைத்த ஒரு குப்பாயத்தை முன்வைத்தார்கள். 1829இல் வந்த அரசு ஆணை, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம், மேலே சீலை போடக்கூடாது என்றது. அதன்பிறகும் சந்தையில் துணியைக் கிழித்தார்கள், கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் தீ வைத்தார்கள். 1859 ஜூலை 26ஆம் தேதி ஆணைக்குப் பிறகுதான் நாடார் பெண்கள் எல்லோருக்கும் மார்பை மூட அனுமதி கிடைத்தது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதைப்போல உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை. தோள்சீலைப் போராட்டம் என்று நீங்கள் புத்தகத்தில் படித்தது இதுதான். நான் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. அந்தக் குப்பாயங்களை யாரோ வெட்டி, யாரோ தைத்திருக்கிறார்கள். மிஷின் இல்லாத காலம். கிழிபட்டதை மறுபடி ஒட்டுப்போட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பெயர் எந்த ஆணையிலும் இல்லை.

அதே காலத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கெட்டியான தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை. அடிமைகளாக இருந்த சில பெண்கள் லேஸில் கிடைத்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகளில் இருக்கிறது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான். மால்ட் அம்மையாரின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார், லேஸ் தலையணையும் கூடவே போனது. 1856இல் வந்த ஒப்பிலக்கணத்தைத் தெரியாத தமிழ் இலக்கியவாதி கிடையாது. அதே வீட்டில் குச்சிகள் கிட்டிக்கொண்டிருந்த சத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் குறை.

சரி, இங்கிலாந்துக்கு வருகிறேன். நான் இருப்பது லீட்ஸ் பக்கம். கர்க்கேட் மார்க்கெட் என்று பெரிய சந்தை இருக்கிறது. 1884இல் மைக்கேல் மார்க்ஸ் என்பவர் அங்கே எல்லாப் பொருளும் ஒரு பென்னி என்று கடை போட்டார். அதுதான் பின்னாளில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் ஆனது. உலகத்துக்கே ரெடிமேட் உடை விற்ற கடை தொடங்கிய இடத்தில் நான் மீட்டர் கணக்கில் துணி வாங்குகிறேன். ஜாக்கெட் துணிக்கும் லைனிங்குக்கும் பிராட்ஃபோர்டு போவேன். மிச்சம் பிடிக்கத்தான் தைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். துணி, நூல், ஜிப், என் முதுகுவலி எல்லாம் சேர்த்தால் கடையில் வாங்குவதே மலிவு. அம்மா காலத்துக் கணக்கு இங்கே செல்லாது.

பதின்மூன்று வயது மகள் என் கவுன்களை எல்லாம் மறுத்துவிட்டாள். பள்ளியில் டிசம்பரில் ஒரு நாள் கிறிஸ்மஸ் ஜம்பர் போட்டுக்கொண்டு போவார்கள், அது கடையில் வாங்கியதாகத்தான் இருக்கவேண்டும். பிறகு ஒருநாள் அவளாகவே வந்து கேட்டாள். "அம்மா, பாக்கெட் வெச்சுத் தருவீங்களா? கை முழுசாப் போகணும்." பெண்பிள்ளைகளின் உடையில் பாக்கெட் என்று ஒரு கோடு மட்டும் போட்டு ஏமாற்றுகிறார்களாம். இரண்டு பக்கமும் மணிக்கட்டு வரை போகிற மாதிரி வைத்துக்கொடுத்தேன். அதை மட்டும் இப்போது கழற்றுவதில்லை.

நர்ஸாக ஒரு விஷயம் சொல்லாமல் போகமுடியாது. குழந்தைக்கு இரவு உடை தைத்துக் கொடுக்க நினைப்பவர்கள் துணியைப் பார்த்து எடுங்கள். பஞ்சு எழுப்பிய பிளானல் துணி கைக்கு இதமாக இருக்கும், ஆனால் தீ பட்டால் அந்தப் பஞ்சு வழியாகச் சட்டென்று பரவும். இங்கே கடையில் விற்கும் குழந்தைகள் நைட்டிக்கு 1985ஆம் ஆண்டின் தீப்பிடிப்புச் சட்டம் இருக்கிறது. நாம் வீட்டில் தைப்பதை யாரும் சோதிக்கமாட்டார்கள். தொளதொள நைட்டியைவிட உடம்போடு ஒட்டிய பைஜாமா நல்லது. கழுத்தில் நாடா வேண்டாம். பட்டனை இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், குழந்தையும் அதைத்தான் செய்யும்.

இரண்டு வருஷத்துக்கு முன் சித்திக்கு மார்பில் அறுவைசிகிச்சை நடந்தது, டிசம்பர் முதல் வாரம். அந்த வருஷம் அவர்களுக்கு என் கிறிஸ்மஸ் பரிசு இரண்டு பொருள். ஒன்று, காயத்திலிருந்து வரும் வடிகுழாயின் குப்பியைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ள நீள வாரோடு ஒரு துணிப்பை. இன்னொன்று, அக்குளில் வைத்துக்கொள்ள இதய வடிவத்தில் சின்னத் தலையணை. இங்கே தன்னார்வலர்கள் இவற்றைத் தைத்து மருத்துவமனைகளுக்குக் கொடுப்பதைப் பார்த்துத்தான் கற்றேன். "கிறிஸ்மஸுக்குக் கொடுக்குற சாமானாட்டி இது?" என்று அக்கா போனில் திட்டினாள். சித்தி அந்தப் பையைச் சீலைக்குள் மறைத்துக்கொண்டு ஆராதனைக்குப் போய்வந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடத் தெரியவில்லையாம். கடையில் இருக்கிற எந்த சைஸ் பட்டியலிலும் சித்தியின் அந்த டிசம்பர் உடம்புக்கு அளவு கிடையாது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். டெய்லர் கேட்கிற முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும். "அளவு ஜாக்கெட் கொண்டுவந்திருக்கீங்களா?" நான் விமானம் ஏறும்போது அம்மாவின் அளவு ஜாக்கெட் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். வருஷாவருஷம் அதை வைத்து ஒரு கிறிஸ்மஸ் ஜாக்கெட் தைத்து, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவேன். அம்மா போட்டுக்கொண்டு வீடியோ காலில் வருவார்கள். "கச்சிதம்" என்பார்கள்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு கிறிஸ்மஸ் காலை. டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டே போனில் பார்க்கிறேன். அம்மா வழக்கம்போல "கச்சிதம்" என்றார்கள். அக்காவிடம் பேசத் திரும்பியபோது ஜாக்கெட்டின் பின்பக்கம் மேலே ஏறி இடுப்பு தெரிந்தது. முன்பக்கம் மடிந்து தொங்கியது. அதே அளவு, அதே வெட்டு. துணி அப்படி நடந்துகொண்டால் முதுகு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். முதுகு வளையும்போது பின்பக்கத்துக்கு நீளம் கூடுதலாக வேண்டும், முன்பக்கத்துக்குக் குறைவாக. "அம்மா, முதுகு வலிக்கா?" என்றேன். "அது ஒரு பிடிப்பு. ஆடியிலேருந்து இருக்கு. தைலம் போடுதேன்."

அக்காவை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போகச் சொன்னேன். முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருந்தது. எலும்பு மெலிவு நோய். வயதான பெண்களுக்கு விழாமலேகூட, குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலே அப்படி ஆகும். பலர் பிடிப்பு என்றே வருஷக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள், இரண்டாவது கட்டையும் நசுங்கும்வரை. அம்மாவுக்குக் கால்சியம், வைட்டமின் டி, வருஷத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுகிற மருந்து என்று தொடங்கினார்கள். வலி குறைந்தது. வளைந்தது நிமிரவில்லை, அது நிமிராது.

அதற்குப் பிறகு அந்த அளவு ஜாக்கெட்டைப் பயன்படுத்துவதில்லை. கிறிஸ்மஸுக்கு எனக்கு லீவு கிடைக்காது, பிள்ளைகள் சின்னதாக இருப்பவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுவேன். நவம்பரில் பத்து நாள் போவேன். போனதும் அம்மாவை நிறுத்தி அளப்பேன். தோள், மார்பு, இடுப்பு, முன்நீளம், பின்நீளம். அம்மாவுக்குக் கூச்சம், "ஆஸ்பத்திரியில அளக்குத மாதிரி அளக்காத" என்பார்கள். உஷா மிஷினிலேயே தைத்துக் கொடுத்துவிட்டு வருவேன்.

போன வருஷம் கலர் கேட்டேன். "வெள்ளை" என்றார்கள். அம்மா ஒருநாளும் வெள்ளை ஜாக்கெட் விரும்பியதில்லை. தைத்துக் கொடுத்தேன். கிறிஸ்மஸ் அன்று வீடியோவில் பழைய பச்சை ஜாக்கெட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அக்காதான் பிறகு சொன்னாள். அலமாரியின் மேல்தட்டில், வெள்ளைச் சீலையோடு சேர்த்து மடித்து, பாச்சா உருண்டை போட்டு வைத்திருக்கிறார்களாம். எங்கள் ஊரில் அந்தத் துணி எந்த நாளுக்கு என்று சொல்லவேண்டியதில்லை.

நான் சாவைப் பார்க்காதவள் இல்லை. எத்தனையோ பேருக்குக் கடைசியாக உடை மாற்றிவிட்ட கை இது. ஆனாலும் இரண்டு மாதம் மிஷின் பக்கமே போகவில்லை.

இந்த நவம்பரில் போனபோது அம்மாவே அலமாரியைத் திறந்து அந்த வெள்ளை ஜாக்கெட்டை எடுத்துத் தந்தார்கள். "இப்போ தொளதொளன்னு இருக்கும், சரிபண்ணி வை." போட்டுப் பார்க்கச் சொன்னேன். உண்மைதான், உடம்பு இன்னும் வற்றியிருந்தது. பக்கத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் அரை அங்குலம் உள்ளே பிடித்தேன். உள்ளே வந்த துணியை வெட்டவில்லை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஊசி கோர்க்க இப்போது அவர்களுக்குக் கண் தெரிவதில்லை, குறை மட்டும் தெரியும்.

"பின்கழுத்தை இன்னும் கொஞ்சம் ஏத்தி வை மக்களே. எல்லாரும் பாப்பாவ" என்றார்கள்.

ஏற்றி வைத்தேன். அந்த மிச்சத் துணியில் மகளுக்கு ஒரு பாக்கெட் வெட்டிக்கொண்டேன்.