மண்ணையும் மனிதனையும் சுரண்டுவது ஒரே கைதான்



உழைப்பு என்பது என்ன? இயற்கையோடு நாம் நடத்தும் கொடுக்கல் வாங்கல். இந்தக் கணக்கில் முதலாளித்துவம் செய்த மோசடியை 1867-ல் வெளிவந்த 'மூலதனம்' நூலில் மார்க்ஸ் அம்பலப்படுத்தினார்.

அன்றைய இங்கிலாந்தில் கிராமத்துத் தானியம் நகரத்துக்குப் போயிற்று, அதன் சத்து சாக்கடையாகித் தேம்ஸ் நதியில் கலந்தது, வயலுக்குத் திரும்பவில்லை. மண் சத்திழந்தது. ஈடுகட்ட, பெரு நாட்டுத் தீவுகளிலிருந்து பறவை எச்சத்தை உரமாகக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். அதை வெட்டி எடுத்துச் செத்தவர்கள் சீனத்து ஒப்பந்தக் கூலிகள்.

அதே லாபவெறிதான் ஆலையில் தொழிலாளியின் உயிர்ச்சத்தையும் உறிஞ்சியது. போராடித்தான் 1847-ல் பெண்களுக்கும் இளவயதினருக்கும் 10 மணி நேர வேலைச் சட்டம் வந்தது.

வேலை நேரத்தைக் குறைப்பதே சுதந்திரத்துக்கு அடிப்படை என்றார் மார்க்ஸ். மண்ணைக் காப்பதும் மனிதனைக் காப்பதும் நமக்கு ஒரே போராட்டம்தான்!