அமிலம் குறைக்கும் மருந்துகள்: உண்ணும் முறையும் நிறுத்தும் முறையும்

(கிராமப்புற நலவாழ்வுப் பணியாளர்களுக்கான பயிற்சி முகாமொன்றில் மருந்தியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



காசநோயைப் பற்றியோ தாய்சேய் நலத்தைப் பற்றியோ பேசுவோருக்குக் கிடைக்கும் கவனம், இரைப்பை அமிலத்தைப் பற்றிப் பேச வந்தவனுக்குக் கிடைப்பது அரிது. ஆயினும், நீங்கள் அன்றாடம் சென்று வரும் வீடுகளில் மாத்திரை வைக்கும் மாடத்தைச் சற்றே நோட்டமிடுங்கள். இரத்த அழுத்த மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் அருகே, ஒமிப்ரசோல், பான்டோபிரசோல், ரேபிபிரசோல் ஆகியவற்றுள் ஒன்றின் அட்டை இருக்கும். அதன் பெயர் வீட்டாருக்குத் தெரியாது. 'கேஸ் மாத்திரை' என்பார்கள். யார் எழுதிக் கொடுத்தது, எத்தனை நாளைக்கு என்று கேட்டால், பெரும்பாலும் விடை இராது. இம்மருந்துகள் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இன்றிச் சில்லறையில் விற்கப்படலாகாதவை என்பது சட்டம். அட்டையிலேயே அது அச்சிடப்பட்டிருக்கிறது. நடைமுறை வேறு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அமிலத்தின் பக்கம் நின்று ஒரு சொல். நம் இரைப்பை நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீரைச் சுரக்கிறது. அதில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் புரதத்தைச் செரிக்க வழி செய்கிறது. உணவிலுள்ள இரும்புச் சத்தையும் பி12 வைட்டமினையும் உடல் ஏற்கும் நிலைக்குக் கொணர்கிறது. இவற்றினும் பெரிய பணி ஒன்று உண்டு. நீரோடும் உணவோடும் உள்ளே வரும் கிருமிகளில் பெரும்பகுதியை அது வாயிற்படியிலேயே அழித்துவிடுகிறது. தன்னார்வலர்களுக்குக் காலராக் கிருமியைக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில், முன்னதாகச் சோடா உப்பைப் புகட்டி அமிலத்தைத் தணித்தபோது, மிகக் குறைந்த அளவு கிருமிகளே நோயை உண்டாக்கப் போதுமானவையாக இருந்தன. குடிநீர் எங்கும் ஒரே தூய்மையில் கிடைக்காத நம் நாட்டில் இது அலட்சியப்படுத்தத்தக்க செய்தியன்று. மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு கண்ட முதியவரைப் பார்க்கும்போது, அவர் நாள்தோறும் அமிலம் குறைக்கும் மருந்து உண்கிறாரா என்றும் கேட்டுக் கொள்ளுங்கள்.

இதனால் இம்மருந்துகளை நான் பழிப்பதாக எண்ணிவிடக் கூடாது. சென்ற தலைமுறையினர் 'அல்சர்' என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சினர். அரிசி உண்ணும் தென்னகத்தில் முன்சிறுகுடற் புண் மிகுதி என்று அக்காலத்து மருத்துவர்கள் எழுதியுள்ளனர். புண் ஆறாதவர்களுக்கு இரைப்பையின் ஒரு பகுதியை அறுத்தெடுத்தனர்; அல்லது அமிலத்தைத் தூண்டும் நரம்பைத் துண்டித்தனர். பிரிட்டிஷ் அறிஞர் ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்வினால் சிமெடிடின் என்ற மருந்து 1976இல் விற்பனைக்கு வந்தபோது இந்நிலை மாறத் தொடங்கிற்று. 1988இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில், அதனினும் வலிய ஒமிப்ரசோல் சுவீடனில் வெளிவந்தது. இதற்கிடையே ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இருவர், குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியே என்று காட்டினர். காரமும் கவலையும்தான் புண்ணை உண்டாக்குகின்றன என்ற நெடுநாள் நம்பிக்கை அதனால் ஆட்டங்கண்டது. 2005இல் அவர்களும் நோபெல் பரிசு பெற்றனர். அக்கிருமி இருப்பது சோதனையில் தெரிந்தால், அமிலம் குறைக்கும் மருந்துடன் கிருமிக்கொல்லி மருந்துகளையும் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாள் உண்ண வேண்டும். ஐந்தாம் நாளே வலி நின்றுவிட்டதென்று நிறுத்துபவர், கிருமியை அழிக்காமல் அதற்கு மருந்தை எதிர்க்கும் பயிற்சியை அளித்தவராகிறார்.

இனி, உண்ணும் முறை. மருந்து வேலை செய்யும் விதத்தைப் புரிந்து கொண்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரைப்பைச் சுவரின் உயிரணுக்களில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய எக்கிகள் உள்ளன. ஒமிப்ரசோல் வகை மருந்து அந்த எக்கியைப் பிடித்துப் பூட்டிவிடுகிறது. ஆனால், இயங்கிக் கொண்டிருக்கும் எக்கியைத்தான் அதனால் பூட்ட முடியும். எக்கிகள் பெருமளவில் இயங்குவது உணவு உள்ளே வரும்போது. அவ்வேளையில் மருந்து இரத்தத்தில் கலந்து ஆயத்தமாக இருக்க வேண்டும். எனவேதான் காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் உண்ணச் சொல்கிறார்கள். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக் கொண்டு நண்பகல் வரை ஒன்றும் உண்ணாமல் வயலில் நிற்பவருக்கும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நினைவு வந்து விழுங்குபவருக்கும் பயன் குறைவு. "மருந்து எனக்குக் கேட்கவில்லை" என்று வருபவர்களிடம், அளவைக் கூட்டச் சொல்லும் முன் வேளையைக் கேட்பது நல்லது.

மற்றொரு நுட்பமும் உண்டு. அமிலத்தைக் குறைக்கும் இம்மருந்தே அமிலத்தில் கெட்டுவிடக் கூடியது. ஆகவே இரைப்பையில் கரையாமல் சிறுகுடலில் கரையும்படி மேற்பூச்சுப் பூசியிருக்கிறார்கள். பான்டோபிரசோல் மாத்திரையை உடைத்தோ, பொடித்தோ, மென்றோ உண்டால் பூச்சு போய்விடும்; மருந்தும் வீணாகும். விழுங்க முடியாத முதியவர்களுக்கு, சிலவகைக் குளிகைகளைத் திறந்து உள்ளிருக்கும் மணிகளை மெல்லாமல் விழுங்கும்படி கொடுக்கலாம். எந்தக் குளிகைக்கு அது பொருந்தும் என்பதை மருத்துவரோ மருந்தாளரோதான் சொல்ல வேண்டும்.

முதல் நாளிலேயே முழுப் பயனை எதிர்பார்க்கலாகாது. எக்கிகள் அனைத்தும் ஒரே நாளில் பூட்டப்படுவதில்லை. மூன்று நான்கு நாட்கள் பிடிக்கும். உடனடி ஆறுதலுக்கு அலுமினியம், மக்னீசியம் கலந்த நீர்ம மருந்து போதும். ஆனால் அந்த நீர்மம், டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற மருந்துகளையும் இரும்பு மாத்திரையையும் உடலில் சேரவிடாது. இரண்டுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி வேண்டும்.

எத்தனை நாள் உண்பது? என் கருத்தில் நம் நாட்டில் இம்மருந்து தொடர்பாக நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வினாவைக் கேளாமையால் விளைபவை. நெஞ்செரிச்சலுக்கோ புண்ணுக்கோ மருத்துவர் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரம் வரை எழுதுகிறார். நோயாளி ஆண்டுக்கணக்கில் உண்கிறார். நிறுத்திப் பார்த்தால் எரிச்சல் திரும்ப வருகிறது. நோய் போகவில்லை என்று முடிவு செய்து மீண்டும் தொடங்குகிறார். இதில் ஒரு பொறி இருக்கிறது. டென்மார்க்கில் 2009இல் வெளியான ஆய்வொன்றில், வயிற்றுத் தொல்லை ஏதுமற்ற 120 பேரைத் தேர்ந்து, ஒரு சாராருக்கு எட்டு வாரம் எசோமிப்ரசோல் கொடுத்து நிறுத்தினர்; மறு சாராருக்குப் போலி மாத்திரை. நிறுத்திய சில வாரங்களுக்குள் மருந்துண்டவருள் 44 விழுக்காட்டினருக்கு நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் தோன்றின. போலி மாத்திரை உண்டவருள் அவ்வாறு தோன்றியது 15 விழுக்காட்டினருக்கே. அடக்கி வைத்த அமிலச் சுரப்பு, கட்டு நீங்கியதும் சிலகாலம் மிகுந்து எழுகிறது. அது தானே தணியும். எனவே நெடுநாள் உண்டவர், மருத்துவரைக் கேட்டு அளவைப் பாதியாக்கியும், ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டும் படிப்படியாக விடுவதே ஏற்றது.

ஆனால் கேளுங்கள்: எல்லாரையும் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். அதுவும் உயிருக்கு ஊறு செய்யும். புண்ணில் இரத்தம் கசிந்து மருத்துவமனையில் இருந்து மீண்டவர், இதய நோய்க்காக ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்து உண்பவர், மூட்டு வாதத்துக்கு நாள்தோறும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்து உண்ணும் முதியவர், உணவுக் குழாய் கடுமையாகப் புண்பட்டவர் ஆகியோருக்கு இது காவலாகக் கொடுக்கப்படுவது. அவர்கள் மாதக்கணக்கில், சிலர் வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டியிருக்கும். வலி மருந்தைத் தொடர்ந்து கொண்டே, செலவைக் குறைப்பதாக எண்ணிக் காவல் மருந்தை மட்டும் விட்டவர்கள் இரத்த வாந்தியுடன் வந்ததை நான் கண்டிருக்கிறேன். அதே சமயம், இரண்டு நாள் காய்ச்சலுக்கு எழுதிய சீட்டில், வயிறு நலமாக உள்ள இளைஞருக்கும் வழக்கமாகச் சேர்க்கப்படும் 'கேஸ் மாத்திரை'க்கு நியாயம் ஏதும் இல்லை.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது, வேறு என்னென்ன உண்கிறோம் என்பதே. குளோபிடோகிரெல் உண்பவருக்கு ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் ஆகியன அதன் பயனைக் குறைக்கக் கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2009இல் எச்சரித்தது. அத்தகையோருக்குப் பான்டோபிரசோல் தேர்ந்தெடுக்கப்படுகிறது. தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை, பூஞ்சை நோய்க்கான கீட்டோகோனசோல், எச்.ஐ.வி. மருந்துகளில் அடசனாவிர் முதலியன அமிலம் குறைந்த வயிற்றில் சரிவரச் சேர்வதில்லை. சோகை நீங்க இரும்பு மாத்திரை கொடுத்தும் பலன் காணாத பெண்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, மரக்கறி மட்டும் உண்ணும் குடும்பங்களில் பி12 குறைவு ஏற்கெனவே மிகுதி. நீரிழிவுக்கு உண்ணும் மெட்ஃபார்மினும் அதைக் குறைக்கும். மூன்றாவதாக அமிலம் குறைக்கும் மருந்தும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால், கால் மரத்துப்போவது சர்க்கரையினாலா, பி12 குறைவினாலா என்று சோதித்தறிய வேண்டியிருக்கும்.

நெடுநாள் உண்பதால் மக்னீசியம் குறைதல், எலும்பு முறிவு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியன சிலரிடம் காணப்பட்டுள்ளன. திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு நேரலாம் என்ற குறிப்பை மருந்துடன் வரும் தாளில் சேர்க்குமாறு 2019இல் நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் பணித்தார். இவை அரியவை, தேவையுள்ளவர் அஞ்சி விடத்தக்கவையல்ல. தேவையற்றவருக்கோ, அரிய தீங்கைக்கூட ஏற்கக் காரணம் இல்லை. ரானிடிடினில் புற்றுநோயை உண்டாக்கக் கூடிய மாசு காணப்பட்டதால், அமெரிக்கா 2020இல் அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. நம் இன்றியமையா மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022இல் அது நீக்கப்பட்டது. பழைய அட்டையை வைத்திருப்போர் மாற்று என்னவென்று கேட்டுக் கொள்ளட்டும்.

நம் கடைகளில் பான்டோபிரசோலுடன் டோம்பெரிடோன் சேர்த்த குளிகை மிகுதியாக விற்கிறது. டோம்பெரிடோன் வாந்தியை அடக்கும் மருந்து. இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சிலரிடம் குலைக்கும். குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேற்படாமல் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் வரையறுத்தது. வாந்தியே இல்லாதவர் அக்கூட்டுக் குளிகையை மாதக்கணக்கில் உண்பது எதற்காக? அட்டையின் பின்புறத்தைப் படித்து, ஒன்றா, இரண்டா என்று பார்க்கப் பழக்குங்கள். ஒற்றை மருந்து, 2008இல் தொடங்கிய மக்கள் மருந்தகத் திட்டத்தின் கடைகளில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது.

மாத்திரை கேட்டு வருபவரைக் காத்திருக்க விடாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய வேளைகளும் உண்டு. மலம் தார்போல் கறுத்தல், இரத்த வாந்தி, விழுங்கும்போது உணவு தங்குதல், காரணமின்றி உடல் மெலிதல், காரணம் புலப்படாத சோகை: இவற்றுள் எது இருப்பினும் மாத்திரை நோயை மறைத்துவிடும், இரைப்பைப் புற்றுநோயின் வலியும் இம்மருந்தால் சிலகாலம் தணிவதுண்டு. இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பது நினைவிருக்கட்டும். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவற்றுடன் வரும் 'கேஸ்', மாரடைப்பாக இருக்கக் கூடும். அப்போது 108 ஊர்தியை அழைப்பதே முதல் வேலை.

மருந்துண்டபின் எதிர்பாராத தீங்கு நேர்ந்தால் அதைப் பதிவு செய்ய 2010 முதல் இந்தியாவில் ஒரு தேசியத் திட்டம் உள்ளது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்து நூல் ஆணையம் அதை நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நோயாளியோ நீங்களோ தெரிவிக்கலாம். மருந்தின் பெயர், அட்டையிலுள்ள தொகுதி எண், உண்ணத் தொடங்கிய நாள், தொல்லை தோன்றிய நாள் ஆகியவற்றைக் கேட்பார்கள். ஆகவே அட்டையை எறிந்துவிட வேண்டாமென்று வீட்டாரிடம் சொல்லி வையுங்கள்.