சிக்கனமும் சுயமுயற்சியும்

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அனுபவத்தால் முதிர்ந்தவர்கள் பலர் வீற்றிருக்கும் இச்சபையிலே, குடும்பப் பாரத்தை இன்னும் தோளில் ஏற்றிராத பல்கலைக்கழக மாணவன் ஒருவன் பணத்தைப் பற்றிப் பேச எழுவது சிலருக்கு நகைப்பாக இருக்கலாம். ஆயினும், இன்னுஞ் சில ஆண்டுகளில் முதற் சம்பளத்தைக் கையில் வாங்கப் போகின்றவர்கள் நாங்களே. சம்பளம் வந்த பின்னர் நல்ல பழக்கத்தைத் தேடுவது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதற்கு ஒப்பாகும். ஆதலாலேயே இவ்விடயத்தை எடுத்துக்கொண்டேன்.

சமய நெறி பயிலும் சங்கத்திலே காசைப் பற்றிப் பேசுவதா என்று எவரேனும் ஐயுறலாம். திருவள்ளுவர் வகுத்த 133 அதிகாரங்களுள் 70 அதிகாரங்கள் பொருட்பாலைச் சேர்ந்தவை. அங்கே அரசியலே பெரிதும் பேசப்படினும், பொருள் செயல்வகையும், ஆள்வினையுடைமையும், மடியின்மையும் அதே பாலிலேதான் இடம்பெற்றிருக்கின்றன. இல்லறத்தான் விருந்தோம்பவும், ஏழைக்கு உதவவும், கோயிற் கைங்கரியம் செய்யவும் பொருள் வேண்டும். பொருளை வெறுப்பது துறவிக்கு அழகு. பொருளை ஆளத் தெரியாதிருப்பது இல்லறத்தானுக்கு அழகன்று.

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. உலோபியின் கை எப்போதும் மூடியே இருக்கும். சிக்கனமுள்ளவனின் கையோ வேண்டாத இடத்தில் மூடி, வேண்டிய இடத்தில் திறக்கும். நோயாளிக்கு மருந்து வாங்கத் தயங்குகின்றவனை நாம் சிக்கனக்காரன் என்று புகழ வேண்டியதில்லை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றேன். வறியவன் வறியவனாயிருப்பதற்கு அவனுடைய பழக்கமே காரணம் என்று நான் கூற வரவில்லை. 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற யுத்தம் எத்தனையோ குடும்பங்களின் வீட்டையும் தோட்டத்தையும் ஒருங்கே அழித்தது. 2022 ஆம் ஆண்டு ஏப்ரல் 12 ஆந் திகதி நமது நாடு தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்திலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதமாயிற்று. அதாவது, ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய பண்டங்களை வாங்க 170 ரூபா தேவைப்பட்டது. அரை வயிறு உண்பவனைப் பார்த்துச் சேமி என்று உபதேசிப்பது அறமாகாது. கைக்குச் சிறிது பணம் வந்தும், அது போன வழி தெரியாமல் மாத முடிவில் விழித்து நிற்கும் எங்களைப் போன்றவர்களுக்காகவே நான் பேசுகின்றேன்.

முதலாவது பழக்கம் கணக்கெழுதுதல். நான் பயின்ற மிஷன் பாடசாலையிலே ஆசிரியர் ஒருவர் விடுதி மாணவர் ஒவ்வொருவரையும் ஒரு சிறு கொப்பியிலே வரவு செலவு எழுதச் செய்வார். ஐந்து ரூபாவுக்கு இனிப்பு வாங்கினாலும் எழுதவேண்டும். ஏன் வாங்கினாய் என்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை. எழுதினாயா என்று மாத்திரமே கேட்பார். எழுதும் கை தானாகவே கேள்வி கேட்கும் என்பது அவர் கருத்து. தேநீருக்கும், குளிர்பானத்துக்கும், தொலைபேசிக்கும் ஒரு நாளைக்கு 150 ரூபா வீண்போகின்றது என்று வையுங்கள். மாதத்துக்கு 4,500 ரூபா. ஆண்டுக்கு 54,750 ரூபா. 150 ரூபா என்னும்போது எவருக்கும் பெரிதாகத் தோன்றாது. 54,750 ரூபா என்றால் ஒரு தையல் இயந்திரத்தைப் பற்றியோ ஒரு பாடநெறிக் கட்டணத்தைப் பற்றியோ நினைக்கத் தோன்றும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் கூறியதன் பொருள் இதுவே.

இரண்டாவது பழக்கத்தை எமது பாட்டிமாரிடமிருந்து கற்கலாம். உலையில் இடுவதற்கு அரிசி அளக்கும்போதே அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பானையில் இடுவது அவர்கள் வழக்கம். அந்தப் பிடியரிசி நல்ல காரியங்களுக்குப் போயிற்று; பஞ்ச காலத்திலே வீட்டுக்கும் உதவிற்று. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. சமைத்து உண்டபின் மிஞ்சிய சோற்றையா அவர்கள் சேமித்தார்கள்? இல்லை, சமைக்குமுன்னரே ஒரு பிடியை எடுத்து வைத்தார்கள். நாங்களோ செலவெல்லாம் முடிந்தபின் மிஞ்சினால் சேமிப்போம் என்கின்றோம். அது மிஞ்சுவதே இல்லை. சம்பளம் வந்த அன்றே பத்தில் ஒரு பங்கை, அதுவும் இயலாவிடின் இருபதில் ஒரு பங்கை, வேறொரு கணக்கிலே இட்டுவிட வேண்டும். எஞ்சியதே சம்பளம் என்று நினைத்து வாழப் பழக வேண்டும்.

இப் பிடியரிசித் தத்துவத்தை நம் நாட்டுச் சட்டமும் ஏற்றிருக்கின்றது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதிக்கு, தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும், தொழில் கொள்வோர் பங்காக 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் கொள்வோர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். கடைகளிலும் சிறு நிறுவனங்களிலும் வேலைக்குச் சேரும் எங்கள் இளைஞர் பலர் இவற்றைக் கேட்டறிவதில்லை. நண்பர்களே, வேலைக்குச் சேரும் நாளிலேயே கேளுங்கள். அது யாசகமன்று, உங்கள் உரிமை.

மூன்றாவதாகக் கடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடன் முழுவதும் தீயதன்று. நீரிறைக்கும் இயந்திரத்துக்காகப் பட்ட கடனை அந்த இயந்திரமே அடைக்கக்கூடும். கொண்டாட்டத்துக்குப் பட்ட கடனை எது அடைக்கும்? பந்தல் பிரித்த மறுநாளே கொண்டாட்டம் முடிந்துவிடும். கடனோ நகை அடைவு வைத்த சிட்டையாகவும், காணி ஈடு வைத்த உறுதியாகவும் பெட்டிக்குள்ளே கிடக்கும். சாமத்தியச் சடங்குக்கும் கலியாணத்துக்கும் மண்டபமும், படப்பிடிப்பும், பல வகை உணவும் அயலவர் செய்தார்கள் என்பதற்காகவே நாமும் செய்கின்றோம். பெரியோர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். இதனை இளைஞர் மாத்திரம் மாற்ற இயலாது. எளிமையாகச் செய்தால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்தை நீக்க வல்லவர்கள் நீங்களே. உங்களில் ஒருவர் தம் வீட்டுச் சடங்கை எளிமையாக நடத்திக் காட்டினால் பத்து வீடுகள் கடனிலிருந்து தப்பும்.

கடன் வாங்கியே தீரவேண்டுமெனின் வட்டியைக் கணக்கிட்டு அறிதல் வேண்டும். ஒருவன் 100,000 ரூபா கடன் வாங்குகின்றான். வட்டி 20 வீதம் என்கின்றார்கள். ஆகவே மாதம் 10,000 ரூபாவாக 12 மாதங்களில் 120,000 ரூபா செலுத்துகின்றான். 20 வீதந்தானே என்று அவன் எண்ணுகின்றான். ஆனால் 100,000 ரூபா ஆண்டு முழுவதும் அவன் கையில் இருந்ததா? முதல் மாதத்திலிருந்தே முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து வருகின்றான். சராசரியாகப் பார்த்தால் பாதியளவு பணமே அவனிடம் இருந்தது. குறையும் நிலுவைக்கு வட்டி கணக்கிட்டால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 35 வீதமாகும். ஆதலின், வட்டி எவ்வளவு என்று கேட்டால் மாத்திரம் போதாது. குறையும் நிலுவைக்கா, முழு முதலுக்கா என்றும் கேட்க வேண்டும். விளங்காத பத்திரத்தில் கையொப்பமிடாதிருப்பதும், அடைக்க இயலாத தொகைக்குப் பிறருக்குப் பிணை நில்லாதிருப்பதும் அவமரியாதையன்று.

இக் கணக்கை அறியாமையால் நேர்ந்த துன்பத்தை நாம் கண்முன்னே கண்டோம். யுத்தத்தின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் படலையடிக்கே வந்தன. பெண்கள் பலர் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று கடன் பெற்றனர். கிழமைதோறும் தவணை கேட்டு ஆள் வந்தபோது ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினர். 2018 ஆம் ஆண்டிலே, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலுள்ள பெண்களின் நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. அத் தாய்மாரைக் குறைகூற நாம் யார்? பாடசாலையில் கூட்டுவட்டிக் கணக்கைச் செய்து புள்ளி பெற்ற நாங்கள், அக் கணக்கை அயல்வீட்டு அக்காவுக்கு விளக்கிச் சொல்லவில்லையே! படித்த இளைஞனின் கடமை இங்கேதான் தொடங்குகின்றது.

விரைவில் பணம் இரட்டிப்பாகும் என்று ஆட்களைச் சேர்க்கச் சொல்லும் திட்டங்களையும் எச்சரிக்கையாகப் பாருங்கள். பின்னர் சேர்கின்றவனின் பணத்தை முன்னர் சேர்ந்தவனுக்குக் கொடுக்கும் பிரமிட் முறை நமது நாட்டு வங்கிச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. அதிலே முதலில் இழப்பது பணம். அடுத்து இழப்பது நம்பிச் சேர்ந்த உறவினரின் அன்பு.

நிற்க. செலவைக் குறைப்பதற்கு ஓர் எல்லையுண்டு. வருவாயைப் பெருக்குவதற்கு ஊக்கம் வேண்டும். சுயமுயற்சிக்கு உதாரணந் தேடி நாம் கடல் கடந்து போகவேண்டியதில்லை. வற்றாத ஆறொன்றில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே எமது பாட்டன்மார் சுண்ணாம்புக் கல்லைப் பிளந்து கிணறு வெட்டினார்கள். துலா மிதித்து நீர் இறைத்தார்கள். செம்மண்ணிலே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தார்கள். 1970 ஆம் ஆண்டில் பதவியேற்ற அரசாங்கம் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது கமக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. 1977 ஆம் ஆண்டின் பின்னர் இறக்குமதி வாயில் திறந்தது, விலை விழுந்தது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? முயற்சி வருவாயைத் தரும். ஆனால் நல்ல விலை என்றைக்கும் நில்லாது. விளைந்த காலத்துப் பணத்தைக் கிணற்றிலும், இயந்திரத்திலும், பிள்ளைகளின் கல்வியிலும் இட்டவனுக்கு விலை விழுந்த பின்னும் ஏதோ எஞ்சி நிற்கும். அதனைக் கொண்டாட்டத்திலே கரைத்தவனுக்கு நினைவு மாத்திரமே எஞ்சும். முயற்சியும் சிக்கனமும் ஒரு வண்டியின் இரு சில்லுகள்.

இன்று எங்களிற் பலர் காத்திருத்தலையே தொழிலாகக் கொண்டிருக்கின்றோம். சிலர் அரசாங்க உத்தியோகத்துக்காகக் காத்திருக்கின்றனர். சிலர் வெளிநாட்டிலிருந்து அண்ணா அனுப்பும் பணத்துக்காகக் காத்திருக்கின்றனர். அந்தப் பணம் எப்படி வருகின்றது என்று எண்ணிப் பார்த்தோமா? பனியிலே விடியுமுன் எழுந்து, ஒரு வேலை முடிந்து மறு வேலைக்கு ஓடி, தன் இளமையைச் செலவழித்து அவர் அனுப்புகின்றார். அதனை நாங்கள் புதிய கைத்தொலைபேசியாகவும், தவணைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளாகவும் மாற்றிவிடுகின்றோம். ஒன்று செய்யுங்கள். அண்ணா அனுப்பும் பணத்துக்கும் கணக்கெழுதி, ஆண்டு முடிவிலே அக் கணக்கை அவருக்கு அனுப்புங்கள். அதனை அனுப்பக் கூசாத வகையில் செலவழித்திருந்தால் அதுவே அவருக்கு நீங்கள் செய்யும் கைம்மாறு. அப் பணத்தில் ஒரு பகுதியாலேனும் ஒரு கருவியை வாங்குங்கள். அல்லது ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். 2022 ஆம் ஆண்டிலே காசின் பெறுமதி விழுந்தது. கற்ற கைத்தொழில் ஒருவன் கையைவிட்டுப் போகவில்லை. நாற்றுமேடை அமைத்தல், தையல், பனம்பொருட் செய்கை, இயந்திரந் திருத்துதல் எதுவாயினும் சரி. உத்தியோகம் வந்தால் வரட்டும். வருமட்டும் கை சும்மா இருத்தலாகாது.

இறுதியாக, தனி ஒருவனால் இயலாததைப் பலர் கூடிச் செய்யலாம். 1844 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் றொச்டேல் நகரத்தில் நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர், ஆளுக்கு ஒரு பவுண் வீதம் சிறுகச் சிறுகச் சேர்த்து, மாவும் வெண்ணெயும் சீனியும் விற்கும் சிறு கடையொன்றைத் திறந்தனர். கடனுக்குக் கொடுப்பதில்லை, அளவில் குறைப்பதில்லை என்பன அவர்கள் கொள்கைகள். உலகெங்கும் பரந்த கூட்டுறவு இயக்கத்துக்கு அச் சிறு கடை வழிகாட்டிற்று. இலங்கையில் 1911 ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் பிறந்தது. நமது கிராமங்களிலே ஐக்கிய நாணய சங்கம் என்று வழங்கியவை அவ்வழி வந்தவையே. ஒருவரையொருவர் அறிந்தவர்கள் கூடியதே அவற்றின் பலம்.

ஆகவே இச்சபையின்முன் ஒரு யோசனையை வைக்கின்றேன். நமது சங்க இளைஞர்களுள் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர் கூடி, ஆளுக்கு மாதம் 1,000 ரூபா வீதம் சேமிப்போம். ஆண்டுக்கு 120,000 ரூபா. ஐந்து ஆண்டுகளில், வட்டி நீங்கலாக, 600,000 ரூபா. பணம் வங்கியிலே, இருவர் கையொப்பத்தின் கீழ் இருக்கட்டும். மாதந்தோறும் கணக்கு எல்லோர்க்கும் கேட்கும்படி வாசிக்கப்படட்டும். முதலாண்டில் எவருக்கும் கடன் இல்லை. அதன் பின்னரும் கல்வி, தொழிற் கருவி, நோய் ஆகிய மூன்றுக்கே கடன், கொண்டாட்டத்துக்கு இல்லை. கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பைப் பெரியோர் ஒருவர் ஏற்றருள வேண்டும்.

இது சிறிய தொடக்கந்தான். பிடியரிசியும் ஒரு பிடியாகத்தான் தொடங்கிற்று. வருகின்ற சம்பள நாளிலே எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் உலை வைக்குமுன் அந்தப் பிடி எடுத்து வைக்கப்படுமாயின், என்னைப் பேச அழைத்தவர்களுக்கு அதனையே என் நன்றியாகச் சமர்ப்பிப்பேன்.